அண்ணியின் எருமை

எங்கள் அண்ணி ஓட்டும் மோட்டார் சைக்கிளை நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போவார்கள். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், காத்திருக்கிறேன். பிற்பாடு சிரிப்பு வராது.

நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்தால் அதற்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும். அதிலும் நான் யாரையும் லேசில் மெச்சுகிற ஆள் இல்லை. என் அண்ணனைக் கேட்டுப் பாருங்கள். நான் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து என்னிடம் ஒரு பாராட்டு வாங்கிவிடலாம் என்று முயற்சி செய்துகொண்டிருக்கிறான், பாவம்.

எங்களுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் ஷட்டர். முன்பாதி என்னுடையது: தையல் மெஷின், ரெக்சின் சுருள்கள், மூலையில் கூரைவரை அடுக்கிய ஸ்பாஞ்சு. நான் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறேன். பின்பாதி அண்ணனுடையது. அவன் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். கையில் கிரீஸ் இல்லாமல் அவனை நான் பார்த்தது அவன் கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றும் நகக்கண்ணில் கொஞ்சம் இருந்தது.

அண்ணி கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். காலை முதல் மாலை வரை குனிந்தபடி, வருகிறவர்கள் காலைப் பிடித்து, "என்ன சைஸ்?" என்று கேட்கிற வேலை. எத்தனையோ வருடம் அதைச் செய்தாள். "என் முகத்தை யாருமே பார்த்ததில்ல, உச்சந்தலையத்தான் பார்த்திருக்காங்க" என்று ஒருமுறை சொன்னாள். வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள். அதனாலேயே எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது.

கடையை மூடினார்கள். கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நாங்கள் எல்லோரும் அவளைக் கேட்காமலேயே அதற்குச் செலவு கண்டுபிடித்தோம். அண்ணன் கம்ப்ரஸர் என்றான். நான் ஃப்ரிட்ஜ் என்றேன். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அடுத்த வாரம் மேட்டுத் தெருவிலிருந்து ஒரு சத்தம், கட்டைத் தொண்டையில் யாரோ விடாமல் இருமுவதைப் போல. வாசலுக்கு வந்து பார்த்தோம். அண்ணி ஒரு வண்டியில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தோம், அவளும் வந்துகொண்டே இருந்தாள். உள்ளே போய் டீ போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், அப்போதும் வந்து சேரவில்லை.

மூடிப்போன மர டிப்போ ஒன்றிலிருந்து அதை வாங்கியிருந்தாள். சேற்று நிறம், குட்டை, முரட்டு உருவம். டிராக்டருக்குப் போடுவது மாதிரி தடித்த டயர்கள். ஸ்டார்ட் செய்ய ஜெனரேட்டரைப் போலக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். நான் அதற்கு எருமை என்று பெயர் வைத்தேன். "எமன் மட்டும் இந்த எருமையில வந்தா நம்ம எல்லாருக்கும் ஆயுசு கெட்டி" என்றேன். தெருவே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதன் மேல் படிந்த தூசியைத் துடைத்தாள்.

அந்த வண்டியின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. சாதாரண மோட்டார் சைக்கிளில் எஞ்சின் பின்சக்கரத்தைத்தான் சுற்றும். முன்சக்கரம் சும்மா உருண்டு வழி காட்டும், வேலை முழுவதும் பின்சக்கரத்தின் தலையில். எருமையில் இரண்டு சக்கரத்துக்கும் வேலை உண்டு. பின்னால் ஒரு செயின், முன்னால் ஒரு செயின். பின்சக்கரம் தள்ளும்போது முன்சக்கரம் இழுக்கும். ஒன்று சேற்றில் சிக்கினால் மற்றது விடாது. ஆள் நடக்கும் வேகத்தில், சில இடத்தில் அதைவிட மெதுவாக, பாறை, வேர், ஓடை என்று எதிர்ப்படுகிற எல்லாவற்றின் மேலும் ஏறி இறங்கிப் போகும். வேகமாகப் போ என்றால் போகாது. அதற்கு அந்தப் பேச்சே புரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே மலைப் பாதைக்குப் போவாள். இதில் ஒரு ஆட்டம் இருக்கிறது. கிளம்பிய இடத்திலிருந்து சேரும் இடம்வரை காலைக் கீழே ஊன்றக் கூடாது. வேகமாகப் போனால் எந்த வண்டியும் சாயாமல் தானே நிமிர்ந்து போகும். மெதுவாகப் போகும்போது விழாமல் இருப்பதுதான் வித்தை. முதலில் சேறும் சிராய்ப்புமாக வந்தாள். போகப் போகச் சேறு மட்டும் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, எந்தப் பாறையில் எந்தப் பக்கம் ஏறினாள், எந்த வேரில் எப்படித் தப்பித்தாள் என்று தட்டில் கோடு போட்டுக் காட்டுவாள். அவள் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த மலைமேல் ஒரு செல்போன் டவர் இருக்கிறது. எங்கள் ஊருக்கும் சுற்றியிருக்கிற ஊர்களுக்கும் அதுதான் காது, வாய் எல்லாம். அதன் பேட்டரிகளைச் சுமந்துகொண்டு போன நாலு பேரும் ஒருவர்பின் ஒருவராக வேலையை விட்டுவிட்டார்கள். பாதை அப்படி. ஒருவருக்கு முதுகே போய்விட்டது. டவர் நிறுவனத்து மேலாளர் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். எங்கள் தெருவில் அவருக்கு டவர் சார் என்றே பெயர். நல்ல மனிதர், பளபளவென்று ஷூ போட்டிருந்தார். வந்தவர் அண்ணனிடம்தான் பேசினார்.

"உங்ககிட்ட மலை ஏற்ற வண்டி ஒண்ணு இருக்காமே? வாரா வாரம் சார்ஜ் ஏத்துன பேட்டரி மேல போகணும், தீர்ந்தது கீழ வரணும். நீங்க எடுத்துட்டுப் போவீங்களா?"

"எனக்கு அதை ஓட்டத் தெரியாது சார்" என்றான் அண்ணன். "என் வீட்டுக்காரிதான் ஓட்டுவா."

டவர் சார் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். அண்ணி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்களா?"

"ஏன் சார்? பேட்டரி கேட்டுச்சா, ஆம்பளைதான் தூக்கணும்னு?" என்றேன் நான். எனக்கு வாய் அப்படி.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னார். மேலே கயிற்றில் ஓடுகிற இழுவைத் தொட்டி கட்டிவிடலாம் என்று தலைமை அலுவலகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அவர் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் ஒருமுறை, ஒரே ஒரு முறை, பேட்டரிகள் சேதமில்லாமல் உச்சிக்குப் போய்விட்டால் வேலை அண்ணிக்கு. போகாவிட்டால் தொட்டிக்கு. பேட்டரிகள் பழைய வகை, ரொம்பச் சாய்ந்தால் அமிலம் கசியும். கசிந்தால் கணக்கில் சேராது.

அண்ணி எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழமை காலையில போகலாம் சார். நீங்களும் கூட வாங்க."

"உங்க வண்டிக்கு ஈடு குடுத்து நான் எப்படி வர?"

"நடந்தே வரலாம் சார். நடுவுல நின்னு எங்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும்."

அன்றிரவு அவள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "இது கிடைக்கலைன்னா புதுசா ஒரு செருப்புக் கடை திறக்குறாங்களாம், அங்க போகணும். மறுபடியும் குனியணும்." அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

நான் என் பங்குக்கு மரப்பெட்டி ஒன்று செய்யச் சொல்லி, உள்ளே நாலு பக்கமும் ஸ்பாஞ்சு வைத்து ரெக்சினில் தைத்தேன். தொட்டில் குழந்தைக்குக்கூட அவ்வளவு மெத்தை கிடைக்காது. பேட்டரி நான்கும் நிமிர்ந்து உட்கார்ந்தன. அண்ணன் என்ன செய்கிறான் என்றே தெரியவில்லை. அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனான். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லத் தெரியாத முகம் அவனுக்கு.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பட்டறை ஷட்டரைத் தூக்கினோம். எருமையின் முன்சக்கரத்தில் புத்தம் புது டயர். கறுகறுவென்று, கட்டம் கட்டமாக, புது ரப்பர் வாசனையோடு. அந்த அளவு டயர் எங்கள் பக்கத்தில் கிடைக்கவே கிடைக்காது. அண்ணன் எங்கெங்கோ ஆள் பிடித்து, யார் யாரிடமோ கெஞ்சி வரவழைத்திருக்கிறான். முந்தைய நாள் இரவு நாங்கள் தூங்கிய பிறகு வந்து மாட்டியிருக்கிறான்.

"முன்டயர் தேஞ்சு வழுவழுன்னு இருந்துச்சு. பாறையில பிடிப்பு வேணுமில்ல" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணி அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவினாள். "எதுக்குங்க இதெல்லாம் இப்ப" என்றாள். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. அவள் கல்யாணப் படத்தில்கூட அப்படிச் சிரிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என்னைக் கட்டியவர் எனக்கு வாங்கித் தந்த பரிசு ஒரு குடை, அதையும் அவரே தொலைத்துவிட்டார்.

கிளம்பினோம். எருமை மேல் அண்ணி, பின்னால் பெட்டியில் பேட்டரிகள், இரண்டு பக்கமும் நடந்து நானும் அண்ணனும் டவர் சாரும். பார்க்கிறவர்களுக்கு ஊர்வலம் மாதிரி இருந்திருக்கும். மரங்களுக்கு நடுவே மண் பாதை, முந்திய நாள் மழையில் ஊறிக் கிடந்தது. டவர் சாரின் ஷூ முதல் சரிவிலேயே தன் பளபளப்பை இழந்தது. எருமை அலட்டிக்கொள்ளவில்லை. ஓடைக்குள் இறங்கியது, அக்கரையில் வழுக்கு மண்ணில் முன்சக்கரம் முதலில் பிடித்து ஏறி, பின்பக்கத்தைக் கூட்டிக்கொண்டு போனது. அண்ணி கால் வைக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

"பரவாயில்லையே" என்றார் டவர் சார், மூச்சு வாங்க.

"இப்பதானே ஆரம்பிச்சிருக்கோம் சார்" என்றேன். எனக்கு அப்போதே தலைகால் புரியவில்லை.

மண் முடிந்து பாறை வந்தது. மலையின் தோள்பட்டை மாதிரி ஒரு பெரிய பாறைத் தளம், மரம் மட்டை எதுவும் இல்லாமல், காய்ந்து, சொரசொரவென்று. அதைத் தாண்டினால் படிப்பாறைகள், அதற்குமேல் டவர். பாறைத் தளம்தான் இருப்பதிலேயே சுலபமான இடம் என்று அண்ணி எப்போதும் சொல்வாள். அன்று அங்கேதான் எருமை முரண்டு பிடித்தது.

முதலில் ஒரு 'டக்'. பிறகு வண்டி லேசாகக் குலுங்கியது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி 'டக்'. முன்செயின் கம்பி போல விறைத்து நின்றது. சக்கரம் பாறையில் சிணுங்கிக்கொண்டே நகர்ந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பேட்டரிப் பெட்டி ஆடியது. நான் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்தேன். அண்ணி எஞ்சினை அணைத்தாள், இறங்கினாள், முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன கோளாறு?" என்றார் டவர் சார்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. தேய்ந்த டயரை எடுத்துவிட்டுப் புது டயர் மாட்டுவது ஊரில் உள்ள எல்லா வண்டிக்கும் நல்லது. இந்த ஒரு வண்டிக்கு மட்டும், ஒன்றை விட்டு ஒன்றை மாற்றினால் ஆகாது. முன்னால் இருக்கிற புது டயர் கொஞ்சம் பெரியது, பின்னால் இருக்கிற தேய்ந்தது கொஞ்சம் சிறியது. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகப் பார்க்கும், சின்னது போகவிடாது. இரண்டையும் ஒரே எஞ்சின் கட்டிப் போட்டிருக்கிறது. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொண்டது. பிடிப்புள்ள பாறையில் வழுக்க வழியில்லை, இரண்டும் மல்லுக்கு நின்றன. இன்னும் கொஞ்ச தூரம் இப்படியே போனால் செயின் அறுந்துவிடும்.

"கோளாறு வண்டியில இல்ல சார்" என்றான் அண்ணன். "என்கிட்ட. முன்னால மட்டும் புது டயர் போட்டேன். ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்னு எனக்கு உறைக்கவே இல்ல. தப்பு என்னோடது, அவளோடது இல்ல."

எனக்கு உச்சிமண்டையில் ஏறிவிட்டது. "அறிவிருக்கா உனக்கு? மெக்கானிக்குன்னு போர்டு வேற மாட்டியிருக்க! யாரைக் கேட்டு இதைப் பண்ண? எத்தனை ஞாயித்துக்கிழமை அண்ணி இந்த மலையில உருண்டு..."

"ஏய்" என்றாள் அண்ணி. சத்தமே போடவில்லை. "என் புருஷனை நான் திட்டிக்கறேன். நீ கழுத்துல தொங்குற டேப்பை எடு."

அவசரத்தில் தையல் டேப்பைக் கழற்றாமலேயே மலை ஏறியிருக்கிறேன். கழற்றிக் கொடுத்தேன்.

"திரும்பிப் போய் பழைய டயரை மாட்டிடறேன்" என்றான் அண்ணன்.

டவர் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள நான் பதில் சொல்லணும். இறங்கி மாட்டித் திரும்பி ஏறுறதுக்குள்ள இருட்டிடும்."

"அப்ப முன்செயினைக் கழட்டிடலாம். பின்சக்கரத்துல மட்டும்..."

"படிப்பாறையில பின்சக்கரம் மட்டும் என்னங்க பண்ணும்?" என்றாள் அண்ணி.

அவள் பாறையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சக்கரங்களைப் பார்த்தாள். செருப்புக் கடையில் அவள் அப்படித்தான் உட்கார்ந்து காலைப் பார்ப்பாள், நான் பார்த்திருக்கிறேன்.

"கடைக்கு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு ஒரு கால் பெருசா, ஒரு கால் சின்னதா இருக்கும்" என்றாள். "சின்ன காலுக்கு ஷூக்குள்ள அட்டை வச்சு ரெண்டையும் சமமாக்குவோம். இங்க சின்னதைப் பெருசாக்க முடியுமா? பின்டயர்ல காத்து ஏத்துனா?"

"தேஞ்ச டயர். இதுக்குமேல ஏத்துனா வெடிச்சிடும்" என்றான் அண்ணன்.

"அப்ப பெருசைத்தான் சின்னதாக்கணும்."

தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். முன்டயரின் வால்வில் வைத்து அழுத்தினாள். உஸ்ஸென்று காற்று இறங்கியது, புது டயர் மெல்ல மெல்ல உட்கார்ந்தது. அண்ணன் பையிலிருந்த சாக்பீஸால் இரண்டு டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் கோடு போட்டான். அண்ணி சீட்டில் ஏறி உட்கார, செயினைக் கழற்றிவிட்டு, கோடு மறுபடி தரையைத் தொடும்வரை வண்டியைத் தள்ளினோம். முன்சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு, பின்சக்கரம் எவ்வளவு என்று நான் டேப் வைத்து அளந்தேன். டேப்பின் மறுமுனையை யார் பிடித்தது தெரியுமா? டவர் சார். பாறையில் மண்டி போட்டு, பேன்ட் முட்டி கிழிய, "இன்னும் ரெண்டு விரல் அதிகமா இருக்குங்க" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி காற்றை விட்டு, மறுபடி தள்ளி, மறுபடி அளந்தோம். முட்டிவலியில் நான் எல்லோரையும் திட்டினேன், யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் இரண்டு சக்கரத்தின் சுற்றும் ஒரே அளவுக்கு வந்தன.

செயினை மாட்டி அண்ணி கயிற்றை இழுத்தாள். எருமை இருமியது. நகர்ந்தது. 'டக்' இல்லை. பாறைத் தளம் முழுக்க, பால் குடித்த பிள்ளை போல சமர்த்தாகப் போனது.

ஆனால் அண்ணன் முகம் தெளியவில்லை. என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்: "இவ்வளவு காத்து கம்மியா இருந்தா, ஒரு குத்து குத்துனாப் போதும், டயர் ரிம்மை விட்டுக் கழண்டு வந்துடும். மேல படிப்பாறை."

படிப்பாறைகள் என்பவை முழங்கால் உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கற்கள். யாரும் அடுக்கவில்லை, மலையே அப்படி. பக்கத்தில் பள்ளம் ஒன்றும் பயங்கரமாக இல்லை, ஆனால் வண்டி சாய்ந்தால் பேட்டரி சாயும், பேட்டரி சாய்ந்தால் எல்லாம் முடிந்தது. முதல் படிக்கு முன்னால் அண்ணி வண்டியை நிறுத்தினாள். அதன்பின் அவள் செய்ததைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வண்டியை விட்டு இறங்கிவிட்டாள்.

"என்னம்மா, இறங்கிட்டீங்க?" டவர் சார் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "தள்ளிட்டுப் போகப் போறீங்களா? உங்களால முடியாதும்மா. அது மலை மாதிரி கனம்."

"நான் எங்க சார் தள்ளப் போறேன்? என் பாரத்தையும் சேர்த்து முன்டயர் தாங்காது, அதான் இறங்கினேன். அதுவே ஏறும். நான் கூட நடப்பேன்."

சின்ன கியரில் போட்டாள். வண்டியின் இடது பக்கம் நின்று, ஹேண்டிலைப் பிடித்து, ஆக்சிலேட்டரை நகக்கண் அளவு திருப்பினாள். எருமை முதல் படியின் மேல் தன் மென்மையான மூக்கை வைத்தது. தப்பான டயர், காற்றுப் போன டயர், அந்தக் கல்லை அப்படியே அப்பிக்கொண்டது. முன்சக்கரம் இழுத்தது, பின்சக்கரம் தள்ளியது, வண்டி தன் உடம்பைத் தானே தூக்கி மேலே வைத்தது. ஆள் யாரும் மேலே இல்லை. அண்ணி பக்கத்தில் படியேறிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் பின்னால், விழுந்தால் பிடிப்பதுபோலக் கைகளை நீட்டிக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாமல்.

அடுத்த படி. அதற்கடுத்தது. ஒரு கல்லில் டயரின் ஓரம் பிதுங்கியது. அண்ணன் "ஐயோ" என்றான். அண்ணி அவசரப்படவில்லை. ஆக்சிலேட்டரைக் குறைத்து, வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு விட்டு, இரண்டு விரல் வலதுபக்கம் தள்ளி மறுபடி வைத்தாள். வேறு யாராக இருந்தாலும் அங்கே முறுக்கியிருப்பார்கள், வண்டி குதித்திருக்கும், டயர் கழன்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அவள் மலையில் செலவழித்த நேரமெல்லாம் இதற்குத்தான் என்று எனக்கு அப்போது பட்டது. அவசரப்படாமல் இருக்கப் பழகியிருக்கிறாள். நான் பிறந்ததிலிருந்து ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

கடைசிப் படி ஏறியதும் தரை சமமானது. டவரின் இரும்புக் கால்கள் எதிரில் நின்றன. அண்ணி எஞ்சினை அணைத்தாள். அந்த அமைதியில் எங்கள் நாலு பேர் மூச்சும் கேட்டது.

டவர் சார் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு பேட்டரியாக வெளியே எடுத்து, அடியில் கையால் தடவி, கையை முகர்ந்து பார்த்தார். ஸ்பாஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று நாலு பக்கமும் அழுத்தினார். நான் தைத்த தையல், அதையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, முகமெல்லாம் மலர, நேராக அண்ணனிடம் போய்க் கையை நீட்டினார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து வேலை உங்களுக்குத்தான்."

அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "என் கையெல்லாம் கிரீஸ் சார்" என்றான். "ஓட்டுனவங்க அங்க நிக்கிறாங்க."

டவர் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பி அண்ணியிடம் போனார். அவள் கையிலும் கிரீஸ்தான், அண்ணன் கையைவிட அதிகம். அவர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார், தன் கை கறுத்ததைத் துடைக்கவும் இல்லை. டவர் அறையின் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அண்ணி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, "சரிங்க சார்" என்றாள். நான் கத்தியே விட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "எங்க அண்ணி" என்று ஏதோ வந்திருக்கும். கீழே ஊர் வரைக்கும் கேட்டிருக்கும் என்று அண்ணன் பிற்பாடு சொன்னான். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

புது பேட்டரிகளை உள்ளே வைத்துப் பழையவற்றைப் பெட்டியில் ஏற்றினோம். டவர் சார் போனில் தலைமை அலுவலகத்தோடு பேசப் போனார். அண்ணன் எருமையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கசங்கிக் கிடந்த புது டயரைத் தடவிக்கொண்டிருந்தான். அண்ணி பக்கத்தில் போய் நின்றாள். இப்போது திட்டு விழப் போகிறது என்று நினைத்தேன். சொல்லப்போனால் எதிர்பார்த்தேன்.

"வீட்டுக்குப் போனதும் இதைக் கழட்டிட்டுப் பழையதையே மாட்டிடறேன்" என்றான் அவன், தலை நிமிராமல். "ஆசையா வாங்குனேன். போகட்டும்."

"கழட்டுனீங்கன்னா கையை உடைச்சிடுவேன்" என்றாள் அண்ணி. "இது இப்படியே இருக்கட்டும். பின்னாடிக்கும் இதே மாதிரி புதுசு ஒண்ணு வரவழைச்சுடுங்க." சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினாள். "இந்தத் தடவை என் சம்பளத்துல."